முப்பத்தொன்பதாம் பக்கம்

எங்கள் அச்சகத்தில் இருந்த வடிவமைப்பாளர் ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த தெருவில் இருக்கிற இன்னொரு அச்சகத்தில் அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதை என் கணவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

எங்கள் அச்சகம் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். அது என் கணவரின் அண்ணனுடையது. வீட்டில் அவரைப் பெரியவர் என்போம். என் கணவர் அங்கே இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். அதாவது அண்ணன் சொல்வதை இயந்திரங்களிடம் சொல்கிறார்.

இனி வெளியாளை நம்பிப் பயனில்லை, வீட்டு ஆள் ஒருத்தர் இந்தக் கம்ப்யூட்டர் வேலையைக் கற்றுக்கொள்ளட்டும் என்று பெரியவர் மதியச் சாப்பாட்டின்போது அறிவித்தார். மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் ஜக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்ததால் அவர் கண்ணில் பட்டுவிட்டேன்.

"நீ கத்துக்கோம்மா. காலேஜ் படிச்ச பொண்ணு, சும்மாத்தானே இருக்கே. அச்சகத்தோட வெள்ளி விழா மலரை நீயே பண்ணு. கடைசிப் பக்கத்துல வடிவமைப்புன்னு உன் பேரைப் போட்டுடுவோம். அப்புறம் அந்த சீட் உனக்குத்தான்."

ஏழு பேருக்குச் சமைத்துப் பரிமாறிக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்துத்தான் சும்மா இருக்கிறாய் என்றார். அன்று அது எனக்கு உறைக்கவில்லை. பெயர், சீட் என்ற இரண்டும்தான் காதில் விழுந்தன. ஊரில் யார் யார் பெயரையோ கட்டுக் கட்டாக அடித்துத் தள்ளும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறேன். என் பெயர் கடைசியாக அச்சானது என் கல்யாணப் பத்திரிகையில்.

பயிற்சி நிலையம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மெனுவைத் திறந்து தேடுகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. விசைப்பலகையில் இரண்டு விரலைப் பதித்தால் பெட்டி வரும், மூன்று விரலைப் பதித்தால் அது போய்விடும். நாங்கள் அவளுக்கு ஷார்ட்கட் என்று பெயர் வைத்தோம். அவள் எனக்கு ஆன்ட்டி என்று பெயர் வைத்தாள். வகுப்பில் நான் ஒருத்திதான் ஆன்ட்டி. மற்றவர்கள் எல்லாம் நேற்றுத்தான் பள்ளிக்கூடம் முடித்தவர்கள்.

படங்களைத் திருத்த ஒரு மென்பொருள், பக்கங்களை அமைக்க இன்னொன்று. முதல் வாரம் அழாத குறைதான். பேனா என்று ஒரு கருவி இருக்கிறது. அது எழுதாது. புள்ளி வைத்து இழுத்தால் கோடு நம் பேச்சைக் கேட்காமல் வேறெங்கோ வளைந்துகொண்டு போகும். ஒரு செருப்பின் படத்தைச் சுற்றிக் கோடு போட்டு அதைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கச் சொன்னாள் ஷார்ட்கட். நான் வெட்டியெடுத்த செருப்பை நாய் கடித்துத் துப்பியிருந்தது. ஒரு மணி நேரம் மேகத்தைத் திருத்தினேன், திரையில் ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பார்த்தால் அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் வேறொரு அடுக்கில், அவர்கள் பாஷையில் லேயரில், வேலை செய்துகொண்டிருந்திருக்கிறேன். "எந்த லேயர்ல நிக்கிறோம்னு மொதல்ல பாருங்க ஆன்ட்டி" என்பதை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் இரண்டாவது மாதத்தில் கை பழகிவிட்டது. கை பழகியதும் கண்ணும் கெட்டுவிட்டது. பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளில் எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி உறுத்த ஆரம்பித்தது. மருந்துச் சீட்டில் ஓரம் நேராக இல்லை என்று முகம் சுளித்தேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு மூளைக்கு வேலை கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கப் போவதில்லை.

பக்கம் அமைக்கும்போது எழுத்துக்காக வரைந்த பெட்டி காலியாக இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. மேட்டர், அதாவது அச்சாக வேண்டிய கட்டுரை, வந்து சேரும்வரை டம்மி எழுத்தைப் போட்டு நிரப்ப வேண்டும். அப்போதுதான் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். என்ன எழுதுவது என்று நான் கேட்டேன்.

"எதையாவது தட்டுங்க ஆன்ட்டி. டம்மிதானே, யாரு படிக்கப் போறா?"

மற்றவர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டி வைத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் தட்ட ஆரம்பித்தேன். பெரியவரின் மனைவி, என் ஓரகத்தி, காலையில் சொன்னது, அதற்கு நான் சொல்லாமல் விழுங்கியது, எல்லாம் இரண்டு பத்தியாக ஓரம் பிசகாமல் நிற்கும். வகுப்பு முடிந்ததும் அழித்துவிடுவேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்த நிம்மதி கிடைக்கும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஒரே ஒரு வகுப்புக்கு நான் போகவில்லை. ஒரு பெட்டியை அடுத்த பெட்டியோடு இணைப்பது எப்படி என்ற பாடம் அது. இணைத்துவிட்டால், முதல் பெட்டியில் மேட்டரைப் போட்டதும் மீதி தானாக அடுத்த பக்கத்துப் பெட்டிக்கு ஓடும்; பழைய எழுத்து எங்கேயும் தங்காது. அன்று பெரியவரின் நண்பர்கள் சாப்பிட வருவதாக இருந்தது. ஒரு நாள் போகாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்றார் என் கணவர். மறுநாள் அந்தப் பாடம் முடிந்துபோயிருந்தது. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, பக்கத்துக்கு ஒரு தனிப் பெட்டி வரைந்தே ஒப்பேற்றினேன்.

மலர் வேலையை அச்சகத்தில் உட்கார்ந்து செய்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி. நாற்காலியின் கைப்பிடியில் ரெக்சின் உரிந்து பஞ்சு தெரிந்தது. பழைய வடிவமைப்பாளர் யோசிக்கும்போது பிய்த்திருப்பார். நான் அதை வீட்டிலிருந்து ஊசி நூல் கொண்டுவந்து தைத்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓட ஓட மேசை மெல்ல அதிரும். அங்கே உட்கார்ந்திருந்த நேரங்களில் யாரும் என்னிடம் தண்ணீர் கேட்கவில்லை.

மொத்தம் அறுபத்து நாலு பக்கம். ஓரகத்தி பெரியவரோடு நிற்கும் தன் படத்தில் தாடைக்குக் கீழே இருப்பதைக் கொஞ்சம் குறைத்துவிடச் சொன்னாள். குறைத்தேன். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையையும் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பெரியவர் தன் மகளோடு நிற்பது போல ஆகிவிட்டது. அவளுக்குப் பரம திருப்தி.

அடுத்ததுதான் குடும்பப் படம். புது இயந்திரம் வந்திறங்கிய அன்று அதன் முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்தது. நடுவில் பெரியவர், பக்கத்தில் ஓரகத்தி, அவள் தோளை ஒட்டி அவள் தம்பி. வலது ஓரத்தில் பெரியவரின் மகன்கள். இடது ஓரத்தில் என் கணவர், எங்கள் மகள், நான். படம் அகலம், மலரோ உயரம். முப்பத்தெட்டாம் பக்கத்தின் மேல்பாதியில் அது அடங்கவில்லை. படத்தைச் சின்னதாக்கினால் முகங்கள் கடுகாகிவிடும் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் திரையில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு எனக்கும் என் மகளுக்கும் நடுவே போனது.

"இதோட வெட்டிடு. நீதானே பண்றே, தப்பா எடுத்துக்க மாட்டேன்னு தெரியும்."

வெட்டினேன். ஆனால் என் கை மிச்சமிருந்தது. படத்தில் நான் மகளின் தோளில் கை போட்டிருந்தேன். என் உடம்பு போய்விட்டது. நாலு விரல் மட்டும் அவள் தோளில் உட்கார்ந்திருந்தது. அது அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்றார் பெரியவர்.

எடுப்பதற்கு ஒரு கருவி இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல இடத்தைத் தொட்டு எடுத்து, வேண்டாத இடத்தின் மேல் ஒற்ற வேண்டும். மகள் அன்று கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாள். கட்டம் பொல்லாதது, ஒரு கோடு பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு விரலை மறைத்து, கோடு சேர்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்து, அடுத்த விரலுக்குப் போனேன். மோதிர விரலை மறைக்கும்போது மோதிரத்தின் பளபளப்பு மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. மதியம் முழுவதும் ஆயிற்று. முடித்தபோது அங்கே ஒரு கை இருந்ததற்கான சுவடே இல்லை. நான் செய்த வேலைகளில் அதுதான் சிறந்த வேலை. பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே வந்த மகள் திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, அன்னைக்கு நீ எங்க போயிருந்தே?" என்று கேட்டாள்.

அந்தப் படத்துக்குக் கீழேயும் எதிர்ப்பக்கத்திலும் 'எங்கள் குடும்பம்' என்று பெரியவர் ஒரு கட்டுரை தருவதாக இருந்தது. தரவில்லை. இரண்டு பக்கத்திலும் தலைப்பையும், எதிர்ப்பக்கத்தின் அடியில் அவர் கையெழுத்தையும் முன்பே வைத்துவிட்டேன்; பெட்டிகள் இரண்டும் மட்டும் காலியாக நின்றன. மகளை ஒரு ஓரமாக உட்காரவைத்துவிட்டு இரண்டையும் நிரப்பினேன். அன்று யோசித்து எழுதவில்லை. எதிர்ப்பக்கமான முப்பத்தொன்பது இப்படி ஆரம்பித்தது:

'இந்த வீட்டில் யாருக்குத் தலை வலித்தாலும் மாத்திரை எங்கே இருக்கிறது என்று என்னைத்தான் கேட்பார்கள். அது அலமாரியில் இரண்டாவது தட்டில் நீல டப்பாவில் இருக்கிறது. வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. எனக்குத் தலை வலித்தால் யாரும் கேட்பதில்லை. என் கணவர் நல்லவர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். நான் சொன்னால் மட்டும் அண்ணனைக் கேட்டுவிட்டு ஆட்டுவார். என் கையில் இருக்கும் சூட்டுத் தழும்பு எந்தக் கையில் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. பெரியவருக்குக் கோபம் வந்தால் வீடே கால் விரலால் நடக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது என்கிறார்கள்.'

இப்படியே பக்கத்தின் அடிவரைக்கும் போயிற்று. கட்டுரை வந்ததும் மாற்றிவிடலாம் என்று விட்டுவைத்தேன்.

கட்டுரைக்கு முன்னால் ஓரகத்தியின் தம்பி வந்து சேர்ந்தான். எங்கேயோ டிசைன் படித்து முடித்தவன். எல்லாப் பக்கங்களையும் நான் கட்டி முடித்த பிறகு, சும்மா ஒரு ஃபைனல் டச் கொடுக்கட்டும் என்று ஃபைலை அவனிடம் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். மறுநாள் நான் போனபோது தைத்த கைப்பிடியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். வாங்க அக்கா என்றான் மரியாதையாக. எனக்கு உட்கார இடமில்லாததால் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அச்சுக்குப் போவதற்கு முன் மாதிரிப் பிரதி ஒன்று வீட்டுக்கு வந்தது. பெரியவர் வரும்வரை அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நான் பார்த்துப் பார்த்து வைத்த சின்ன எழுத்து, அதே அளவு, அதே இடம். வடிவமைப்பு என்பதற்கு எதிரே அவன் பெயர் இருந்தது. மீண்டும் ஒரு முறை படித்தேன், பெயர் மாறவில்லை.

மற்ற பக்கங்களைப் புரட்டினேன். அட்டையில் எழுத்தை மாற்றியிருந்தான். உள்ளே ஒன்றையும் தொடவில்லை. முப்பத்தெட்டுக்கு வந்ததும் நின்றேன். பெரியவரின் கட்டுரை வந்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல இவன் தட்டியிருப்பான். அவருக்கு ஒரு பெட்டிக்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது. அதை முதல் பெட்டியில் போட்டிருக்கிறான். இரண்டு பெட்டிகளையும் நான் இணைக்கவில்லை, அவன் அதைப் பார்க்கவில்லை. முப்பத்தொன்பதில், இந்த வீட்டில் யாருக்குத் தலை வலித்தாலும் என்று என் எழுத்து அப்படியே நின்றது. மேலே 'எங்கள் குடும்பம்' என்ற தலைப்பு, கீழே பெரியவரின் கையெழுத்து.

இதை ஆயிரம் பிரதி அடிக்கப்போகிறார்கள். வாடிக்கையாளர்கள், உறவுக்காரர்கள், காகித வியாபாரிகள் என்று எல்லோர் கைக்கும் போகும். பெரியவர் வந்ததும் மாதிரியைத் தூக்கிக்கொண்டு போனேன். முப்பத்தொன்பதைச் சொல்லத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் வாயில் முதலில் வந்தது கடைசிப் பக்கம்.

அவர் கோபப்படவில்லை. வீட்டு மனுஷிக்குப் பெயர் எதற்கு, பெயர் போட்டால் வெளியாள் மாதிரி இருக்கும் என்று பூசி மெழுகினார். அவனும் வீட்டு ஆள்தானே என்றேன். அவன் நாளைக்கு இதை நாலு இடத்தில் காட்டி முன்னேற வேண்டிய பிள்ளை, சீட்டிலும் அவனே இருக்கட்டும், அவனுக்கு முடியாததை நான் வீட்டிலிருந்தே செய்து கொடுக்கலாம் என்றார். என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். அவரைப் பார்த்தேன். கொஞ்சம் விட்டுக்கொடேன் என்பது போலத் தலையைச் சாய்த்தார்.

"வேற ஏதாவது தப்பு இருக்காம்மா? இருந்தா இப்பவே சொல்லிடு, மெஷின்ல ஏத்தப் போறோம்" என்றார் பெரியவர்.

"இல்ல மாமா. எல்லாம் சரியா இருக்கு."

வெடிக்கட்டும் என்று இருந்தது. என் பெயர் இல்லாவிட்டால் என்ன, நானே ஒரு பக்கம் முழுவதும் இருக்கிறேன். எல்லோர் முன்னாலும் அவர்கள் அதைப் படிக்கட்டும், அவன் பதில் சொல்லட்டும், பெரியவர் பதில் சொல்லட்டும், அதன் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். முதல் தடவையாகக் கேட்பார்களே.

மலரை அடித்தது என் கணவர். முதல் தாள்கள் வெளியே வந்தபோது, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்ததாகச் சொன்னார். ஒரு புள்ளிகூட விலகவில்லையாம்.

விழா ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. வாசலிலேயே ஆளுக்கொரு மலர் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோர் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் புரட்டினார்கள். அவரவர் படம் வந்ததும் நிறுத்தி, பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்டி, மூடினார்கள். சிறப்பு விருந்தினர் நடுப்பக்கத்தில் எங்கேயோ விரலை வைத்துத் திறந்தபோது நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அவருக்குப் புழுக்கம், மலரை மடித்து விசிறிக்கொண்டார். ஓரகத்தியின் தம்பியை மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். பக்கத்துக்குப் பக்கம் அழகு என்று பெரியவர் மைக்கில் சொன்னார். பக்கத்தில் இருந்த மகளும் கை தட்டினாள், பாவம், எல்லோரும் தட்டுகிறார்களே என்று.

ஒரு வாரம் போயிற்று. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் இதுதான், இதுதான் என்று ஓடிப்போய் எடுத்தேன். மலர் பிரமாதம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பயிற்சி நிலையத்துக்குப் போய் ஷார்ட்கட்டுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அவள் முப்பத்தெட்டையும் முப்பத்தொன்பதையும் விரித்து வைத்து, இரண்டு பக்கத்திலும் வரிகள் ஒரே மட்டத்தில் நிற்பதைப் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்குக் காட்டிப் பாராட்டினாள். அந்தப் பிள்ளைகளும் வரியின் மட்டத்தைத்தான் பார்த்தார்கள்.

ஒரு மாதம் ஆனதும் பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது பயத்தைவிட மோசமாக இருந்தது. யாராவது என்னைத் திட்டினால் போதும் என்று ஏங்குகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கணவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். டீயைக் கொடுத்தேன். மலரை முப்பத்தொன்பதாம் பக்கத்தில் விரித்து அவர் மடியில் வைத்தேன்.

"இந்தப் பக்கத்தைப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை என்றார். இப்போது படியுங்கள் என்று எதிரில் உட்கார்ந்துகொண்டேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் கண்கள் மேலிருந்து கீழே இறங்கின. நடுவில் ஒரு வாய் டீ குடித்தார். பக்கத்தின் அடிக்கு வந்து, கையெழுத்தின்மேல் கொஞ்ச நேரம் பார்வையை வைத்திருந்தார். எழுந்து அடித்தாலும் சரி, அழுதாலும் சரி என்று காத்திருந்தேன்.

"அண்ணன் நல்லா எழுதியிருக்காரு. அனுபவிச்சு எழுதின மாதிரி இருக்கு" என்று சொல்லி மலரை மூடினார்.

காலி டம்ளரை என்னிடம் நீட்டினார். பிறகு நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டார்.

"காலையிலேர்ந்து ஒரே தலைவலி. மாத்திரை எங்க வெச்சிருக்கே?"

அலமாரியில், இரண்டாவது தட்டில், நீல டப்பாவில் என்றேன்.